வால் ஆடாத ஆட்டம்

மருதமரப் பொந்தில் ஓர் அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. அது இரை தேடப் போன நேரம் பார்த்து ஒரு மரநாய் வந்தது. குட்டிகளை வெளியே கிளைக்குத் தள்ளிவிட்டுப் பொந்துக்குள் சுருண்டுகொண்டது. மேற்கே வானம் கறுத்திருந்தது.

அணில் திரும்பி வந்து கெஞ்சியது. மரநாய் கொட்டாவி விட்டது. "விளையாடி ஜெயிச்சு எடுத்துக்கோ தங்கச்சி. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

விளையாட்டு இதுதான். அதே மரத்து மைனா ஒன்று நடுவராக இருந்து, கண்ணை மூடிக்கொண்டு இருவருடைய இலைக்குக் கீழேயும் கொஞ்சம் புளியங்கொட்டைகளை வைக்கும். அவரவர் இலையை மட்டும் எட்டிப் பார்க்கலாம். பிறகு உலர்ந்த அத்திப்பழங்களைப் பந்தயம் கட்ட வேண்டும். எதிராளி கட்டிய அளவு கட்டப் பயந்தால் விலகலாம்; அதுவரை கட்டியது போச்சு. துணிந்து கட்டினால் இரண்டு இலையையும் தூக்கிப் பார்ப்பார்கள். கொட்டை அதிகம் உள்ளவருக்கே வெற்றி.

அணில் ஒவ்வொரு பழமாகத் தோற்றது. தோற்கப்போவது தெரிந்தும் இலையைத் தூக்கச் சொன்னது. மைனாவுக்குச் சிரிப்பு. பழத்தையும் கொடுத்துவிட்டு வேடிக்கையும் பார்க்கிறாயா என்று கேலி செய்தது.

"வேடிக்கை பார்க்கத்தான் பழம் குடுக்கிறேன்" என்றது அணில்.

பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. நிறையக் கொட்டை இருந்தால் மரநாய் பெருமூச்சு விடும். மனசில்லாததுபோல ஒரே ஒரு பழத்தை நகர்த்தும். குறைவாக இருக்கும்போதுதான் அதன் வாய் ஓயாது. பழங்களைக் குவியலாகத் தள்ளும்.

இனிக் கவலையில்லை என்று அணில் நிமிர்ந்தது. ஆனால் தனக்கு நிறைய வந்தபோதெல்லாம் மரநாய் உடனே விலகிக்கொண்டது. ஏன்? அணில் திரும்பிப் பார்த்தது. தன் வால்தான் துள்ளிக்கொண்டிருந்தது!

அடுத்த ஆட்டத்தில் அணில் வாலை மடக்கி அதன்மேலேயே உட்கார்ந்தது. தன் இலைக்குக் கீழே நான்கு கொட்டைகள்தான்; அதற்கே வால் துள்ளப் பார்த்தது.

வால் ஆடாததைக் கண்டு மரநாய்க்குக் குஷி. "சில்லறை ஆட்டம் எதுக்கு தங்கச்சி? இந்தா, பொந்தையே கட்டுறேன். உன் பழம் அத்தனையும் கட்டு. இல்லேன்னா குட்டிகளைத் தூக்கிட்டுக் கிளம்பு. மழை வருது பாரு. நனைஞ்சா சளி பிடிக்கும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே..."

மழைக்காலத்துக்கென்று அணில் சேர்த்ததில் மிச்சம் அவ்வளவுதான். ஆனால் மரநாயின் வாய் இன்னும் ஓயவில்லை. அணில் கடைசிப் பழம்வரை முன்னே தள்ளியது.

"தூக்குண்ணே, பார்க்கலாம்."

மைனா மரநாயின் இலையைத் தூக்கியது. ஒரே ஒரு கொட்டை!

மரத்துப் பறவைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. மரநாய்க்கு வாக்கு மாற வழியில்லை. முதல் தூறல் விழுந்தபோது குட்டிகள் பொந்துக்குள் இருந்தன.

எதிராளியின் பழக்கத்தைக் கவனித்தால் மட்டும் போதாது, தன் பழக்கத்தையும் அறிந்து அடக்குபவரே வெல்வார்.