கஜானாப் பூட்டு இடம் மாறியது

செம்பாறை நாட்டில் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. இன்னும் என்னென்ன வருமோ என்று பயந்து, காசு வைத்திருந்தவர்கள் பானையில் போட்டுப் புதைத்தார்கள். கடையில் அரிசி இருந்தது, வாங்க ஆளில்லை. தறிகள் நின்றன. நெசவாளர்கள் மூட்டை முடிச்சோடு, ஊரைச் சுற்றியிருந்த கோட்டையை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தார்கள்.

அரசன் கேசரிவர்மனுக்கும் பயம் பிடித்தது. கோட்டைக்குள் நடந்த குளம் வெட்டும் வேலையை நிறுத்தினான். கஜானாவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டான். கஜானா அதிகாரி ஆவுடையப்பருக்கு அதில் பரம சந்தோஷம்.

அரசவையில் விகடம் பேசும் கூத்தபிரான்தான் வாய் திறந்தான்.

"அரசே, ஊரே காசைப் புதைக்கிறது. நாமும் புதைத்தால் எப்படி? கொஞ்சம் செலவு செய்யுங்கள்."

"கஜானாவிலிருந்து ஒரு காசு வெளியே போகக்கூடாது!" என்றான் அரசன்.

ஆவுடையப்பர் குறுக்கே புகுந்தார். "இவ்வளவு பேசுகிறாரே, காசு வெளியே போகாமல் இவரே கடைத்தெருவை நிமிர்த்திக் காட்டட்டுமே! முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

"நல்ல யோசனை!" என்றான் அரசன்.

கூத்தபிரான் தலையைச் சொறிந்தான். "சரி அரசே. ஆனால் அதுவரை பூட்டும் சாவியும் என் பொறுப்பில் இருக்க வேண்டும்."

"எடுத்துக்கொள். ஒரு காசு போனாலும் உன்னை விடமாட்டேன்."

மறுநாளே குளத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சாயங்காலம் கூலி கைக்கு வந்தது. கூலிக்காரர்கள் அரிசி வாங்கினார்கள். அரிசிக்கடைக்காரர் மகளுக்குச் சேலை எடுத்தார். சேலை விற்ற நெசவாளி மூட்டையை அவிழ்த்துவிட்டு நூல் வாங்க ஓடினார். கடைத்தெரு களைகட்டியதைப் பார்த்து, புதைத்தவர்களும் பானையைத் தோண்டினார்கள். கடைவரி மறுபடி அரண்மனைக்கு வர ஆரம்பித்தது.

ஆவுடையப்பர் கஜானாவை எட்டிப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. பெட்டிகள் பாதி காலி!

"மோசம் போனோம் அரசே!" என்று அலறிக்கொண்டு ஓடினார்.

அரசன் கண் சிவக்க வந்தான். "கூத்தபிரான்! காசு எங்கே?"

"கஜானாவுக்குள்ளேதான் இருக்கிறது அரசே."

"பூட்டையே காணோமே!"

"அதைக் கோட்டை வாசலில் மாட்டியிருக்கிறேன். கஜானா கொஞ்சம் இடுக்கமாக இருந்தது, பெரிதாக்கிவிட்டேன். இப்போது கோட்டை முழுவதும் கஜானா. காசோடு யாரும் வெளியே போக முடியாது, காவலர்கள் மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். வெளியூர் வியாபாரி நெல் கொண்டுவந்தால், பதிலுக்குத் துணி வாங்கிப் போகிறான். ஒரு காசு தாண்டவில்லை!"

அரசன் உப்பரிகையிலிருந்து கடைத்தெருவைப் பார்த்தான். தறிச்சத்தம் அங்கே வரை கேட்டது. கோபம் எங்கே போனதென்று அவனுக்கே தெரியவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டான்.

ஆவுடையப்பரால் தாங்க முடியவில்லை. "அரசே, கஜானாவுக்குள் தூங்குகிறவனுக்குச் சவுக்கடி என்று சட்டம் இருக்கிறது! கோட்டை முழுவதும் கஜானா என்றால், இவர் தினமும் கஜானாவில் அல்லவா தூங்குகிறார்?"

"உண்மைதான்," என்றான் கூத்தபிரான் பணிவாக. "ஆனால் அரசே, நான் சத்தமில்லாமல் தூங்குகிறவன். எங்கள் தெரு முழுக்கக் கேட்பது ஆவுடையப்பரின் குறட்டைதான். சவுக்கை முதலில் அங்கே அனுப்புங்கள்!"

அரசன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி விழுந்தது.