ரூட்டுக்கு எவ்வளவு?

“ரூட்டுக்கு எவ்வளவு குடுக்கணும் டீச்சர்?”

கோடை முழுக்கப் பலவேசம் கேட்டது இந்த ஒரு கேள்விதான்.

ஓய்வு பெற்ற வனவர். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட ஆசை. வன்தட்டைப் பாகம் பிரிக்க வேண்டும்: லினக்ஸுக்கு ரூட், சொந்தக் கோப்புகளுக்கு ஹோம். காலையில் ரூட்டுக்கு முப்பது ஜிபி என்பார். மாலைக்குள் ஐம்பதாகிவிடும். பிள்ளை பிறக்கும் முன்னே பேருக்குச் சண்டை.

ஆனால் அவருடைய கோப்புகள் லேசுப்பட்டவை அல்ல. மலையில் வேலை பார்த்த காலமெல்லாம் அலைந்து பதிவு செய்த பறவைக் குரல்கள். வேறு பிரதி கிடையாது.

கணினி வகுப்பெடுக்கும் ரெக்சலின் டீச்சருக்கு அவர் மகள் வயது. பேச்சு அளந்துதான் வரும்.

“லினக்ஸை மொத்தமா அழிங்கன்னு சொன்னா, என்னைக்கு உங்க கை நடுங்காதோ, அன்னைக்குப் பாகம் சரி சார்.”

பலவேசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போய், மனம் போன கணக்கில் பிரித்து, லினக்ஸைப் போட்டே விட்டார். மறுநாள் மாப்பிள்ளைத் தோரணையில் வந்தார்.

“பிரிச்சாச்சு டீச்சர்!”

“சரி. ரூட்டை அழிங்க.”

பலவேசம் அழிக்கும் பொத்தான் வரை விரலைக் கொண்டுபோனார். விரல் இறங்கவில்லை.

“முடியல டீச்சர்.”

“ஏன் சார்?”

கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

உட்கார்ந்து துழாவினார். ஹோம் காலியாகக் கிடந்தது. முக்கியமானது முதல் அறையில் இருக்கட்டும் என்று, பறவைகளை எல்லாம் அவரே கைப்பட ரூட்டில் வைத்திருந்தார். பட்டி போட்டுவிட்டு ஆட்டை வெளியே கட்டியிருக்கிறார் மனுஷன்.

அந்த விரல் இறங்கியிருந்தால்? ஒரு பறவையும் மிஞ்சியிருக்காது.

ஒவ்வொரு குரலாக ஹோமுக்கு மாற்றினார். மாற்றியதை ஒருமுறை கேட்டும் பார்த்தார்.

அடுத்த வகுப்பில் டீச்சர் வாய் திறக்கும் முன்னே சொன்னார்.

“ரூட்டை அழிக்கப் போறேன்.”

பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்கி, அழிக்கும் பொத்தானை அழுத்தினார். விரல் நடுங்கவில்லை. டீச்சர் கையிலிருந்த டீ டம்ளர்தான் பாதி வழியில் நின்றது.

லினக்ஸ் போயிற்று. அதே இடத்தில் புது லினக்ஸைப் போட்டார். திரை பளிச்சென்று வந்தது. ஹோமைத் திறந்தார்.

சீகாரப் பூங்குருவி சீட்டியடித்தது. அடுத்து இருவாச்சி. ஜன்னலில் இருந்த காகங்கள் மிரண்டு கத்தின. பலவேசத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார்.

அந்த இரைச்சலில் டீச்சர் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

“ரூட்டுக்கு எவ்வளவு குடுத்தீங்க சார்?”

“மறந்து போச்சு டீச்சர்!”