குன்னூர் இல்லத்துக்கு எந்த இணைப்பு

கட்டடங்களின் வெந்நீர், காற்று, விளக்கு எல்லாம் கணினி சொன்னபடி தானாக இயங்கச் செய்வது அமலோற்பவத்தின் தொழில். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவள் என்பதால் கோயம்புத்தூரில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பொன்னுரங்கம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேலை பார்த்த லிப்ட் கம்பெனியை மூடிவிட்டதால் தொழில் கற்றுக்கொள்ள அவளிடம் வந்து சேர்ந்திருந்தார்.

குன்னூரில் ஒரு முதியோர் இல்லத்தின் வெந்நீரும் அறைச்சூடும் அவர்கள் பொறுப்பு. மழைக்காலத்தில் மண் சரிந்தால் மலைப்பாதை அடைபட்டுவிடும். கோயம்புத்தூரிலிருந்தே பார்த்துக்கொள்ள ஓர் இணைப்பு வேண்டியிருந்தது.

"ரெண்டு வழி இருக்கு டீச்சர்," என்றார் பொன்னுரங்கம். "ஒண்ணு, எப்பவும் திறந்தே இருக்கும். பாஸ்வேர்டு நம்மகிட்ட. நினைச்ச நேரம் உள்ள போயிடலாம். இன்னொண்ணு, இல்லத்துல யாராவது பொத்தானை அழுத்தினாத்தான் திறக்கும். வேலை முடிஞ்சதும் தானா மூடிக்கும். எதைப் போடலாம்?"

"நீங்க எதைப் போடுவீங்க?"

"முதல்லதுதான். யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம் பாருங்க."

"சரி, அதையே மாட்டுங்க. மாட்டிட்டு, ஒரு நாள் அங்கயே தங்கிட்டு வாங்கண்ணே."

அவருக்குச் சந்தோஷம். போய் மாட்டினார். இல்லத்துப் பெரியவர்கள் அவருக்கு இஞ்சி டீ கொடுத்து, கேரம் ஆட உட்கார வைத்து, ஆட்டம் முழுக்கத் தோற்கடித்தார்கள். விருந்தினர் அறையில் நன்றாகத் தூங்கினார்.

காலையில் குளிக்கப் போனார். ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. தலைக்கும் உடம்புக்கும் சோப்புப் போட்டு முடித்த நேரம், தண்ணீர் சட்டென்று ஐஸாக மாறியது.

கதவுக்கு உள்ளிருந்தே ஆள் கூப்பிட்டார். இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் ரெபேக்காள் வந்து, நடைபாதைச் சுவரிலிருந்த திரையைப் பார்த்தாள்.

"சூடு குறைஞ்சு கிடக்கு சார். ஏத்திட்டேன்."

வெந்நீர் வந்தது. அப்பாடா என்று முகத்தைக் கழுவுவதற்குள் மறுபடி ஐஸ்.

துண்டைக் கட்டிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். ரெபேக்காள் கொதிகலன் அறை வரை ஓடிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க நின்றிருந்தாள். அங்கே ஒரு கோளாறும் இல்லை. திரையில் சூட்டை மீண்டும் ஏற்றினாள். இருவர் கண்முன்னாலேயே எண் இறங்கியது.

"நான் தொடலை சார்," என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "பெரியவங்க குளிக்கிறப்ப இப்படி ஆனா என்ன செய்வேன்? என்னைத்தானே கேட்பாங்க."

பொன்னுரங்கத்துக்கு ஏதோ உறைத்தது. போனை எடுத்தார்.

"டீச்சர், வெந்நீரைக் குறைச்சது நீங்களா?"

"ஆமாண்ணே. உங்க அறைக்கு மட்டும்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட?"

காய்ந்த சோப்பில் முதுகு இழுத்தது. எதிரே ரெபேக்காள் கட்டிய கைகளை இன்னும் பிரிக்கவில்லை.

"இவங்ககிட்ட," என்றார் பொன்னுரங்கம்.

"போனை அவங்ககிட்ட குடுங்க. நான் மன்னிப்புக் கேட்கணும்."

என்ன பேசினார்களோ, முடிக்கும்போது ரெபேக்காள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஏற்றிய சூடு இந்த முறை அப்படியே நின்றது. பொன்னுரங்கம் நிம்மதியாகக் குளித்து முடித்தார்.

குளித்த கையோடு முந்தின நாள் மாட்டிய இணைப்பைக் கழற்றினார். இரண்டாவதை மாட்டி, பொத்தானை ரெபேக்காளின் மேஜை அருகே பொருத்தினார். அவள் அதை அழுத்தி, பச்சை விளக்கு எரிவதையும் அணைவதையும் ஆசையாகப் பார்த்தாள். கிளம்பும்போது அவருக்கு ஒரு பெரிய தம்ளரில் டீ கொடுத்தாள்.

கோயம்புத்தூர் வந்த பிறகும் அவருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"நாம கேட்டு, அவங்க திறக்க மாட்டேன்னு சொல்லிட்டா என்ன டீச்சர் செய்யறது?"

அமலோற்பவம் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"ஏன்னு கேட்டுக்குவோம்ணே. தண்ணி அவங்க மேலதானே விழுது."