பாய்லர் அறையில் இருந்த ஓட்டு

புலியூரணியில் பஞ்சாலை ஏன் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கரிசலில் பருத்தி விளைந்தது, ரயில் வந்தது, ரயிலில் நிலக்கரி வந்தது என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் மழை பொய்த்து, நிலத்தை விட்டு ஓடிவந்த ஜனங்கள் மட்டும் இல்லையென்றால், முதலாளி வேங்கடபதி தன் இயந்திரங்களுக்கு மாலை போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

ஆலை ஓடத் தொடங்கியதும் அவருக்கு நகரசபை நாற்காலி மேல் கண் விழுந்தது. அதில் அதுவரை மிராசுதார்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே ஓட்டு. முதலாளி என்ன செய்தார் தெரியுமா? தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளின் வரியை அவரவர் பெயருக்கே மாற்றிவிட்டார். ஒரே வீச்சில் முந்நூறு ஓட்டு! மிராசுதார்கள் மண்ணைக் கவ்வினார்கள்.

ஓட்டைக் கொடுத்தவருக்கு அதைத் திரும்ப வாங்கத் தெரியவில்லை. லைன் வீடுகள் அத்தனைக்கும் ஒரே குட்டைத் தண்ணீர். காலரா வந்து வீட்டுக்கு வீடு சாவு விழுந்தது. நல்ல தண்ணீர்க் குழாய் கேட்டு அலுத்துப்போன ஜனங்கள், அடுத்த தேர்தலில் தங்களில் ஒருவனையே முதலாளிக்கு எதிராக நிறுத்தினார்கள். அவன் பெயர் சுடலைமுத்து, நூற்புப் பகுதியில் வேலை.

ஆலையில் ஒரு விதி உண்டு. சங்கு ஊதாமல் வாசல் கதவு திறக்காது. ஓட்டுச்சாவடி திறக்குமுன்பே காலை வேலைக்கு ஆட்கள் உள்ளே போய்விடுவார்கள். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஊதும் சங்கை, தேர்தல் நாளில் ஆறு மணிக்கு ஊதச் சொன்னார் முதலாளி. ஓட்டுச்சாவடி மூடுவதும் ஆறு மணிக்குத்தான். காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அவர், சங்கு ஊதும் பாய்லர்க்காரன் அந்தோணிமுத்துவைக் கூப்பிட்டார். அவன் முதலாளியின் பங்களா வளவுக்குள்ளேயே வரி கட்டாமல் குடியிருந்தவன். அதனால் அவனுக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் அவன் தங்கை பிள்ளை லைன் வீட்டில் காலராவில் போனது முதலாளிக்குத் தெரியாது.

"ஆறுக்கு முன்னால சங்கு கேட்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"ஆபத்துன்னாலொழிய ஊத மாட்டேன், மொதலாளி."

மாலையில் அந்தோணிமுத்து அடுப்பில் கரியை அள்ளி அள்ளிப் போட்டான். மிஞ்சிய ஆவி தானாக வெளியேறும் மூடியின் மேல் ஓர் இரும்புப் பாளத்தைத் தூக்கி வைத்தான். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஆபத்துச் சங்கை நீளமாக ஊதினான். சத்தியம் தவறவில்லை, பாருங்கள்!

வாசல் திறந்தது. அலறியடித்து வெளியே ஓடிய ஜனங்கள், பொழுது இன்னும் சாயாததைப் பார்த்ததும் ஆறு மணி ஆகவில்லை என்று புரிந்து அப்படியே ஓட்டுச்சாவடிக்கு ஓடினார்கள். சுடலைமுத்துவும் வாசல்வரை வந்துவிட்டான். ஆனால் சங்கு நிற்கவில்லை. திரும்பி பாய்லர் அறைக்கு ஓடினான்.

முள் கோட்டைத் தாண்டியிருந்தது. அனல் கிட்டே விடாததால் பாளத்தை எடுக்க முடியாமல் அந்தோணிமுத்து சங்கை விடாமல் ஊதிக்கொண்டிருந்தான். பாய்லர் வெடித்தால் ஆலையை ஒட்டியிருந்த லைன் வீடுகள் மிஞ்சாது. கிழடுகளும் குழந்தைகளும் அங்கேதான் இருந்தார்கள்.

"என்னலே பண்ணி வச்சிருக்க?"

"அண்ணாச்சி, நீங்க போங்க! ஓட்டுப் போடுங்க! நான் பாத்துக்கிடுதேன்!"

"ஒத்தை ஆளு இழுக்கிற நெருப்பா இது? கம்பிய எடுலே!"

இருவரும் எரியும் கரியை நீண்ட கம்பிகளால் வெளியே இழுத்துத் தள்ளினார்கள். சுடலைமுத்துவின் கைகள் முழங்கைவரை வெந்துபோயின. முள் இறங்கியபோது ஓட்டுச்சாவடி மூடிவிட்டது.

எண்ணிப் பார்த்ததில் முதலாளிக்கும் சுடலைமுத்துவுக்கும் சரிசமமான ஓட்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முதலாளி பெயர் வந்தது.

அன்றிலிருந்து ஊரே பிளவுபட்டது. தன் ஆலைக்கு வேலை நேரம் வைக்க முதலாளிக்கு உரிமை உண்டு என்றது ஒரு கூட்டம். அந்தோணிமுத்து இல்லையென்றால் தொழிலாளி ஒருவர்கூட ஓட்டுப் போட்டிருக்க முடியாது என்றது இன்னொன்று. ஊர் ஒப்படைத்த வெற்றியைச் சுடலைமுத்து நெருப்பில் போட்டான் என்று லைன் வீட்டிலேயே சிலர் திட்டினார்கள். நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி?

விடை: சுடலைமுத்து. முதலாளி முந்நூறு பேரின் ஓட்டைப் பூட்டி வைத்தார். அந்தோணிமுத்து நல்லதுக்காகத்தான் என்றாலும், ஊரார் உயிரை அடுப்பின் மேல் வைத்தான். இருவருமே அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுடலைமுத்து பணயம் வைத்தது தன் உயிரையும் தன் ஓட்டையும் மட்டும்தான். பிறருக்காக நாற்காலியில் உட்காரத் தகுதியானவன் அவனே. அதனால்தான் அது அவனுக்குக் கிடைக்கவில்லை. இதுதான் சரியான விடை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வருஷமும் குட்டைத் தண்ணீரையே மொண்டுபோன பெண்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.