ரெஜிலாவுக்கு இல்லாத கிளிப்

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

குளச்சலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ததேயுவுக்கும் அவர் மனைவி புஷ்பலீலாவுக்கும் எட்டு வயதில் இரட்டைப் பெண்கள், அஜிதா, ரெஜிலா. இருவருக்கும் சாயல் வேறு. அஜிதாவின் மேல்தாடை குறுகலாக இருந்ததால், வாயை மூடும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணியது. எலும்பு வளரும் வயதிலேயே விரித்துவிட்டால் எளிது, விட்டுவிட்டால் பின்னால் அறுவைசிகிச்சை வரை போகலாம் என்றார் நாகர்கோவில் பல் டாக்டர். அண்ணத்தில் பொருந்தி, திருகைத் திருப்பத் திருப்ப மேல்தாடையை மெல்ல விரிக்கும் ஒரு கிளிப் செய்து கொடுத்தார். ரெஜிலாவின் வாயையும் பார்த்துவிட்டு, இவளுக்கு எதுவும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்துதான் ரெஜிலாவுக்கு வயிறு எரியத் தொடங்கியது. கிளிப்பின் திருகைச் சிறு சாவியால் திருப்புவதற்காக அப்பா அஜிதாவை மடியில் படுக்கவைத்தார். மாதாமாதம் பட்டறையைப் பூட்டிவிட்டு, அவளை மட்டும் பைக்கில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். ரோஸ் நிறக் கிளிப்பைப் பார்க்க வகுப்பே அவளைச் சூழ்ந்தது. ரெஜிலா கண்ணாடி முன் நின்று தன் வரிசையான பற்களை வெறுப்போடு பார்த்தாள். வேண்டுமென்றே தாடையைக் கோணி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் காலை, பல் தேய்க்க அஜிதா கழற்றி வைத்த கிளிப்பை ரெஜிலா எடுத்துத் தன் வாயில் வைத்தாள். பொருந்தவில்லை. பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். கம்பி வளைந்தது, ஈறு கிழிந்து ரத்தம் வந்தது.

ததேயு கை ஓங்கிவிட்டு இறக்கினார். ஒரு மாதம் அவளோடு யாரும் பேசாவிட்டால் தானாகப் புத்தி வரும் என்றார். புஷ்பலீலாவோ டாக்டரிடம் போய், இவளுக்கும் பேருக்கு ஒரு கிளிப் செய்து தாருங்கள் என்று கெஞ்சினாள். தேவையில்லாததை ஒரு பிள்ளையின் வாயில் மாட்ட மாட்டேன் என்று டாக்டர் மறுத்துவிட்டு, அஜிதாவுக்கு மட்டும் மறுபடி அளவெடுத்தார்.

வீடு திரும்பியதும் அஜிதா அப்பாவிடம் சொன்னாள்: "சனிக்கிழமை அவளைப் பைக்குல கூட்டிட்டுப் போங்கப்பா. டாக்டர்கிட்ட இல்ல. சும்மா எங்கயாவது. நான் வரல."

அப்பா, அம்மா, டாக்டர், அஜிதா. ரெஜிலாவின் பொறாமைக்குச் சரியான மருந்து சொன்னது இவர்களில் யார்?

விடை: அஜிதாதான். டாக்டர் சொன்னது பல்லுக்குச் சரி. ஆனால் ரெஜிலா ஏங்கியது கிளிப்புக்காக அல்ல, அதோடு சேர்ந்து கிடைத்த அப்பாவுக்காக. அது இன்னொரு பிள்ளைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை ததேயு ரெஜிலாவை முட்டம் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். பைக் தெருமுனை திரும்பும்வரை அவள் கையசைத்துக்கொண்டே போனாள். வாசலில் நின்ற அஜிதாவுக்குத்தான் பதிலுக்குக் கை எழவில்லை.