மூன்று வைத்தியமும் ஒரே நாளில்

தூத்துக்குடியில் ஒரு தோல் டாக்டரிடம் அன்று நாங்கள் மூன்று பேர் காத்திருந்தோம். வகிடு அகலமாகிக்கொண்டே போகிறதே என்று வந்த பள்ளிக்கூட டீச்சர் நான். பக்கத்தில் ஜெபசிங், இருபத்தெட்டு வயதிலேயே நெற்றி உச்சி வரை ஏறிவிட்டது, அடுத்த மாதம் கல்யாணம். தடவ மருந்து, விழுங்க மாத்திரை, அதோடு அவன் ரத்தத்தையே எடுத்துத் தெளியவைத்து மண்டையில் ஊசி. மூன்றையும் சேர்த்துச் செய்தால் பலன் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். ஊசியை நினைத்து வெளிறிப் போயிருந்தான். வீட்டுக்குப் போய்விடலாமா என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

எதிரே உப்பு லாரி ஓட்டும் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. காதோரம் மட்டும் கொஞ்சம் முடி.

"நாளுக்கு ஒண்ணாச் செஞ்சா என்ன ஆவும் தம்பி? நான் மூணையும் ஒரே நாள்ல செஞ்சவன்" என்றார்.

அவர் கல்யாணத்துக்கு முந்தின வாரமாம். சாயங்காலம் ஊசி போட்டு, ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் இலையில் சோறு விழுமுன் வளர்ந்த முடி வந்து விழுந்துவிட்டதாம். சலூன்காரர் முன்பக்கம் வெட்டிப் பின்பக்கம் வருவதற்குள் முன்பக்கம் பழையபடி வளர்ந்து நிற்க, கத்திரியை வைத்துவிட்டு அழுதாராம். மருந்து தடவிய கையைக் கழுவின தண்ணீர் தென்னைக்குப் போனதில், அந்த வருசத் தேங்காய்க்கெல்லாம் குடுமி ஒரு முழமாம்.

தேங்காய்க்கு யார் ஊசி போட்டது என்று கேட்டேன். டீச்சர்மாருக்கு எல்லாத்திலும் சந்தேகம் என்று சொல்லிவிட்டு மேலே போனார். லாரி ஓட்டும்போது முடி ஜன்னல் வழியே பறந்ததில் போலீஸ் மறித்து, பின்னால் இவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதே, நுனியில் சிவப்புத் துணி எங்கே என்று கேட்டதாம். கல்யாணத்தன்று முடி மண்டபத்துக்கு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தாராம்.

"அப்படின்னா இப்ப அந்த முடி எங்க அண்ணாச்சி?" என்றான் ஜெபசிங்.

"புயல்ல ஒரு கப்பலுக்குக் கயிறு அறுந்துபோச்சு. கேப்டன் கால்ல விழுந்தான். மனசு கேக்கல, குடுத்துட்டேன். வேரோட."

ஜெபசிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதே நேரம் நர்ஸ் அவனைக் கூப்பிட, சிரித்தபடியே உள்ளே போய்விட்டான். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, சுருக்கென்றுதான் இருந்தது, தாங்கிக்கொள்ளலாம் என்றான்.

அடுத்து நர்ஸ் அண்ணாச்சியைப் பார்த்தாள். "மூணாவது தடவையா வாறீங்க. இன்னைக்கும் ஊசியப் பாத்ததும் எந்திச்சுப் போயிராதீங்க."

அண்ணாச்சி அசையவில்லை. அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார்.

"எனக்கென்ன பயம். ரூம் சின்னதா இருக்கு. முடி வளந்தா நீங்கள்லாம் எங்க உக்காருவீங்கன்னுதான் யோசிக்கேன்."

"நாங்க ரோட்டுல நின்னுக்கிடுதோம்" என்றான் ஜெபசிங். "நீங்க உள்ள போங்க."