திராட்சக் கொடி ஏன் தரையோட சுருண்டு கெடக்குது

இந்தக் கதையில ஒரு வார்த்த பொய்யின்னாலும் நாளைக்கு உங்க சோத்துல கல்லு கெடக்கட்டும். என் சோத்துல எதுக்கு? நான் உண்மையத்தானே சொல்றேன்!

அந்தக் காலத்துல, செடி கொடியெல்லாம் வாயத் தொறந்து பேசிக்கிட்டிருந்த காலத்துல, மத்தியதரைக் கடல்ல ஒரு தீவு. நடுவுல நெருப்பு மலை, சுத்தித் திராட்சத் தோட்டம். அப்பெல்லாம் அங்க திராட்சக் கொடி நம்மூரு வெத்தலக் கொடியாட்டம் கொம்பப் புடிச்சு உசர ஏறி நிக்கும். ஏறி நின்னு சும்மா இருக்குமா? ஊர்க்கதை பூரா பேசும்.

அங்க மிர்த்தோன்னு ஒருத்தி. புருசனக் கடல் கொண்டு போயிருச்சு. மிச்சம் இருந்தது ரெண்டு வயசுப் பொண்ணு கிளியோ, பன்னெண்டு சாடி ஒயினு, வாசல்ல ஒரு வாயாடிக் கொடி. வேலைக்குப் போறப்ப புள்ளைய அந்தக் கொடி நெழல்லதான் படுக்கப் போடுவா. கொடி தாலாட்டுப் பாடும். கொரல் சகிக்காது, புள்ள என்னமோ தூங்கிரும்.

ஒரு அறுவடை முடிஞ்ச சமயம், நம்ம பக்கத்துலருந்து மொளகுக் கப்பல்ல வந்த கொற்றன், மலையப் பாக்கணும், ஒயின ருசிக்கணும்னு அவ வீட்டுக்கு வந்தான்.

"தாயி, கீழ ஏதோ உறுமுதே?"

"மொளகுக்காரரே, நெலவறையில புதுச் சாறு பொங்குது. அப்படித்தான் உறுமும்."

"நாத்தம்?"

"அதுவும் சாறுதான். பயமா இருந்தா பால் குடிச்சிட்டுப் படுத்துக்கும்."

மேலருந்து கொடி கத்துச்சு: "அக்கா! அது சாடி இல்லக்கா, மலை! வாயில செவப்பாத் தெரியுது. புள்ளையத் தூக்கு!"

"போன வருசம் பக்கத்துத் தோட்டத்து அடுப்புப் பொகைக்குக் கத்துன. உன்ன நம்பி ஓடி, பாக்க ஆளில்லாம ஆறு சாடி புளிச்சுக் காடியாப் போச்சு. பொறந்ததுலருந்து சாடிச் சத்தம் கேக்குறவடி நான். வாய மூடு!"

சொல்லிட்டு, கொடி நெழல்ல தூங்குன புள்ளைய அப்படியே விட்டுட்டு, விருந்தாளியக் கூட்டிக்கிட்டு நெலவறைக்கு எறங்குனா. "வாரும், காத வச்சுக் கேளும்"னு தானே ஒரு சாடியில காத வச்சா. சாடி பேச்சு மூச்சில்லாம கெடந்துச்சு. அடுத்த சாடியும் அப்படியே. உறுமல் தரைக்குள்ளருந்து வந்துச்சு.

"ஐயோ, எம் புள்ள!"

படியேறுறதுக்குள்ள மலை வெடிச்சிருச்சு. சாம்பல் கொட்டிக் கதவு தொறக்கல. கொற்றன் தோளால முட்டி ஒடச்சான். வெளிய பட்டப்பகல் இருட்டிக் கெடந்துச்சு. கொம்பு மட்டும் மொட்டையா நின்னுச்சு. கீழ ஒரு சாம்பல் மேடு.

சுடு சாம்பல்ல கை வேக வேகத் தோண்டுனா மிர்த்தோ. உள்ள கொடி, கூடையாட்டம் மூணு சுத்து சுருண்டு, முதுகு கருகிக் கெடந்துச்சு. நடுவுல கிளியோ இருமிக்கிட்டிருந்தா.

கொடி "அக்கா"ன்னு கூப்பிட வாயத் தொறந்துச்சு. வாய் நெறையச் சாம்பல். சத்தம் வரல.

வாய மூடுன்னு சொன்னவ, சாகுற வரைக்கும் "ஒரு வார்த்த பேசுடி, திட்டவாவது திட்டுடி"ன்னு அது பக்கத்துலயே ஒக்காந்திருந்தா. கொம்புல தூக்கிக் கட்டுவா. விடிஞ்சா அது எறங்கிச் சுருண்டு கெடக்கும்.

அன்னைலருந்துதான் அந்தத் தீவுல திராட்சக் கொடி, நடுவுல ஒரு புள்ள படுக்குற எடத்த விட்டுத் தரையோட கூடையாச் சுருண்டு கெடக்குது. யாரு கேட்டாலும் பேசுறதில்ல.

சரி, மூக்க உறிஞ்சினது போதும். பேசுன வாய் காஞ்சு கெடக்கு. ஒரு டீ, ரெண்டு வடை உடனே வரட்டும். வரலயா? சோத்துல கல்லு, ஞாபகம் இருக்கட்டும்!